அந்த ஸ்பீக்கர்களைப் பிரிக்காதே

சாமு கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காட்டில் மலர் வீட்டுக்குப் போய் அந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் பிரித்துப் போடப்போகிறாய் என்று அவளே சொன்னாள். திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இப்போதெல்லாம் போனில் நாம் பேசுவது "சாப்பிட்டியா", "அங்க மழையா" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதிலும் நீ சொல்வதில் பாதியை நான் ஊகித்துக்கொண்டுதான் பதில் சொல்லி வந்தேன் என்பது இப்போது உனக்கே தெரிந்துவிட்டது. எழுதினால் நான் முழுசாகச் சொல்வேன், நீயும் நடுவில் குறுக்கிடமாட்டாய். இன்னும் சில வாரங்களில் உனக்கும் மலருக்கும் கல்யாணம். அதற்குள் இது நமக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மலரும் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு இதில் ஏதாவது இருக்கும்.

நம் வில்பட்டி வீட்டு ஹால் ரயில் பெட்டி போல நீளம். ஒரு வருஷம் மழை விடாமல் பெய்து பூண்டெல்லாம் அழுகப் பார்த்தபோது, உள்ளேயே உலர்த்துவதற்காக அப்பா நடுச்சுவரை இடித்துவிட்டார். பூண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது, சுவர் திரும்பி வரவில்லை. வாசல் பக்கம் டிவியும் கணப்பும் அப்பாவின் நாற்காலியும். மறுகோடியில் அடுப்படியும், நான் காய் நறுக்கும் மேஜையும். நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சின்னப் பெட்டி ஸ்பீக்கர்கள் டிவிக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. பாட்டு அங்கே பாடும், நான் இங்கே கேட்பேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தே என் காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்து கேட்கலாம் என்றிருந்தேன். ஆனால் மேஜையில் இருந்து கேட்டால் வார்த்தை பிடிபடவில்லை. ரிமோட்டை எடுத்துக் கூட்டுவேன். கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை. இன்னும் கூட்டுவேன். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். மூடுபனி இறங்கி எதிர்வீடு தெரியாத சாயங்காலங்களில்கூட, போர்வையைப் போர்த்திக்கொண்டு பூண்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வார். என் பாட்டு இவருக்குப் பிடிக்கவில்லை, இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டு இப்போதுதான் காட்டுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு விடுமுறைக்கு வந்த நீ இதைப் பார்த்திருக்கிறாய். ஒரு பலூனை ஊதிக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? "பெட்டி ஸ்பீக்கர்ல இருந்து சத்தம் இப்படித்தாம்மா எல்லாப் பக்கமும் ஊதிக்கிட்டே போகும். ஊத ஊத ரப்பர் மெலியுதுல்ல, அதே மாதிரி தூரம் போகப் போக சத்தமும் சீக்கிரமா மெலிஞ்சிரும். ஒனக்குக் கேக்கணும்னா அப்பா மூஞ்சிக்கு நேரா அவ்ளோ சத்தம் வைக்கணும்" என்றாய். அதற்கு வழி என்ன என்று கேட்டேன். சின்ன ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் இருந்து கூரை வரைக்கும் நெருக்கமாக அடுக்கினால், சத்தம் மேலேயும் கீழேயும் சிதறாமல் பக்கவாட்டில் மட்டும் விரியும், அதனால் மெதுவாகத்தான் மெலியும், கிட்டே இருப்பவருக்கும் தூரத்தில் இருப்பவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்றாய். அதற்கு 'லைன் அரே' என்று பெயர் சொன்னாய். நான் தலையாட்டினேன். நீ கோயம்புத்தூர் போய், பம்ப் கம்பெனி வேலை முடிந்த சாயங்காலங்களில் எல்லாம் உட்கார்ந்து அதைச் செய்யத் தொடங்கிவிட்டாய் என்று எனக்கு அப்போது தெரியாது.

நீயும் மலரும் ஜீப்பில் அவற்றைக் கொண்டுவந்து இறக்கிய காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆளைவிட உயரம், அகலம் ஒரு சாண். அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். "ஏலே, என்னலே இது, யார் வீட்டுக் கதவு நெலையைக் கழட்டிக் கொண்டாந்த?" என்றார். "பெரிய கூட்டத்துல மேடைக்கு ரெண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி தொங்கும்ல, அதோட வீட்டுத் தம்பிப்பா இது" என்றாய் நீ. நீ அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. ஒவ்வொரு தூணிலும் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்கள் வரிசையாக, பக்கத்திலேயே கீச்சுக் குரலுக்கான ட்வீட்டர்கள் இன்னொரு வரிசையாக. எல்லாம் நீ கையால் பதித்தது. ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தாய். தடவினால் பளிங்கு மாதிரி இருந்தது.

கேட்டுப் பார்ப்பதையும் நீ சும்மா செய்யவில்லை. நண்பனிடம் இரவல் வாங்கிய கொம்பு வாய் வைத்த பெட்டி ஒரு ஜோடி, நம் பழைய சின்னப் பெட்டிகள் ஒரு ஜோடி, உன் தூண்கள் ஒரு ஜோடி. எது பாடுகிறது என்று தெரியக்கூடாது என்பதற்காக மலர் ஹாலுக்குக் குறுக்கே கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். மூன்றும் நடு ஹாலில் ஒரே அளவு சத்தமாக இருக்கும்படி போனில் அளந்து அளந்து வைத்தாய். "கொஞ்சம் கூடச் சத்தமா இருந்தாலே அதுதான் ஒசத்தின்னு மனசு சொல்லிரும்மா, அதான்" என்றாய். நான் பள்ளிக்கூடத்தில் போட்டிகளுக்கு நடுவராக இருந்தபோது யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் எத்தனை மெல்லிய குரல் பிள்ளைகள் பரிசு வாங்கியிருப்பார்கள் என்று அப்போது தோன்றியது.

அப்பாதான் அன்றைக்கு நல்ல நடுவர். விரிப்புக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். ஒரு பெண் பாடிய பாட்டையே மூன்றிலும் மாற்றி மாற்றிப் போட்டாய். கொம்புப் பெட்டி பாடியபோது, "கிட்டக்க நின்னு கூப்புடுற மாதிரி எடுப்பாத்தான் இருக்கு. ஆனா மூக்கால பாடுது" என்றார். சின்னப் பெட்டி பாடியபோது கண்ணை மூடிக்கொண்டார். "இதுல அந்தம்மா வாய் எங்க இருக்குன்னே தெரியுது. தோ, அங்க" என்று விரிப்பில் ஓர் இடத்தைக் காட்டினார். தூண்கள் பாடியபோது கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். "அந்தம்மா இப்ப செவுரு ஒசரத்துக்கு வளந்துருச்சுலே!" எல்லோரும் சிரித்தோம். நீ சிரித்துக்கொண்டே சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "ஆமாப்பா, கிட்டக்க ஒக்காந்தா தூண்ல ஒத்தைக் குரல் கொஞ்சம் பெருசாத்தான் தெரியும். ஒரே ஆளு நடுவுல நாற்காலி போட்டுக் கேக்கிறதுன்னா சின்னப் பெட்டிதான் சுத்தம். இது அதுக்கு இல்ல." செய்தவனே தன் பொருளின் குறையைச் சொன்னதைக் கேட்டு, இவன் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறான் என்று பெருமைப்பட்டேன். மேளம் எங்கே போயிற்று என்று அப்பா கேட்டதும், சின்ன ஸ்பீக்கர்களால் அடிக்குரலைத் தள்ள முடியாது, அதற்குத் தனிப் பெட்டி வேண்டும் என்று ஜீப்பில் இருந்து அதையும் தூக்கி வந்தாய்.

பிறகு மலர் எழுந்து நடந்தாள். கணப்பு அருகில் இருந்து அடுப்படி வரைக்கும், திரும்ப அங்கிருந்து இங்கே. "அத்தை, நானும் நடந்துக்கிட்டே இருக்கேன், சத்தம் கொறையவே மாட்டேங்குது!" என்றாள். சின்னப் பெட்டியை மாற்றிப் போட்டபோது பாதி ஹாலிலேயே நின்றுவிட்டாள். "இதுல இங்கயே மங்கிருச்சு." மறுபடி தூண். தரையில் பாய் போட்டு உட்கார்ந்து கேட்டுவிட்டு, "கீழ ஒக்காந்தா மட்டும் கூர்மை கொஞ்சம் கொறையுதுங்க" என்று உன்னிடம் சொன்னாள். ட்வீட்டர் வரிசை முழங்கால் உயரத்தில்தான் தொடங்குகிறது, அதைத் தரை வரைக்கும் இறக்கியிருக்க வேண்டும் என்று நீயும் ஒத்துக்கொண்டாய். அவள் குறை சொன்னதும் நீ ஏற்றுக்கொண்டதும் எவ்வளவு இயல்பாக நடந்தது! அடுத்து நான் செய்ததை அதோடு வைத்துப் பார்க்கத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

நான் என் மேஜையில் இருந்தேன். தூண்கள் பாடியபோது முதல்முறையாக அங்கிருந்தே குரல் எனக்குக் கேட்டது. கூட்டச் சொல்லவில்லை, அப்பாவும் எழுந்து போகவில்லை. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை நீ நம்ப வேண்டும். எங்கள் பள்ளிப் பாடகர் குழு பாடிய பழைய பதிவு ஒன்றை மலர் யாரிடமோ தேடி வாங்கி வந்திருந்தாள். நான் கையசைத்து நடத்திய ஆங்கிலப் பாட்டு. ஒவ்வொரு சரணம் முடியும்போதும் ஒரு பிள்ளை ட்ரையாங்கிளை, அந்த முக்கோணக் கம்பியை, ஒரே ஒரு தட்டுத் தட்டும். அது ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. நம் ஊரில் அது ஒரு செய்தியே இல்லை. டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் வந்தும்விட்டது. நீ பாட்டை மறுபடி முதலில் இருந்து போட்டாய்.

"இப்ப எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டாய்.

"இப்பத்தான்டா ரொம்ப நல்லாருக்கு. அந்த ட்ரையாங்கிள் எவ்ளோ சுத்தமா வருது பாரு. முன்னாடிகூட இவ்ளோ தெளிவா இல்ல."

மலர் டீத் தம்ளருக்குள் பார்த்தாள். அப்பாதான், ஏதும் அறியாமல், "என்ன டீச்சர் சொல்றீங்க? கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரில்ல கெடக்கு" என்றார். கல்யாணமான நாளில் இருந்து அவர் என்னைக் கூப்பிடுவது அப்படித்தானே. நீ விரிப்பை விலக்கிக்கொண்டு பின்னால் போனாய். ட்வீட்டர் வரிசைக்கென்று தனியாக வைத்திருந்த சின்ன ஆம்ப்ளிஃபையர், கரண்ட் வந்த பிறகும் உயிர் பெறாமல் கிடந்தது. நீ பொத்தானை அழுத்தினாய். அப்பாவின் முகமும் மலரின் முகமும் ஜன்னலைத் திறந்துவிட்டது போல மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. முன்பு கேட்டது எதுவோ அதுவேதான் கேட்டுக்கொண்டிருந்தது. ட்ரையாங்கிள் பாடாதபோதும் எனக்குக் கேட்டது, பாடியபோதும் அதே மாதிரி கேட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்தது உன் ஸ்பீக்கரை அல்ல, என் ஞாபகத்தை.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அல்லது, "எனக்குக் கேக்கலடா" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "ரெண்டு சவப்பெட்டியை நிக்க வெச்ச மாதிரி இருக்கு. கண்ணால பாக்கச் சகிக்கல. எடுத்துட்டுப் போயிரு." நீ மெதுவாகத்தான் சொன்னாய்: "அம்மா, ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்லம்மா. ஒன் காது..." நான் முடிக்கவிடவில்லை. "என் காதைப் பத்தி நீ பேசாத. நான் காதை வெச்சுப் பொழச்சவ." நீ விரிப்பை மடித்து நாற்காலியில் வைத்தாய். ஒயர்களைச் சுருட்டினாய். அப்பா தடுத்தும் கேட்காமல், நீயும் மலரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஜீப்பில் ஏற்றினீர்கள். போகிற வழியில் அவளைப் பண்ணைக்காட்டில் இறக்கிவிட்டபோது அவற்றையும் அங்கேயே இறக்கிப் போட்டுவிட்டாய் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சவப்பெட்டி என்ற வார்த்தை இருக்கிறதே, அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ ஆசையாகச் செய்த பொருளை அப்படிச் சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை.

நீ போன பிறகு அப்பா என்னிடம் சண்டை போடவில்லை. மறுநாள் வெள்ளனே எழுந்து லாரிக்குப் பூண்டு ஏற்றிவிட்டு வந்து, அடுப்படியில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான்தான் ஆரம்பித்தேன். "நான் பாட்டுப் போட்டாலே எந்திரிச்சுப் போயிருவீங்களே, அது ஏங்க?" அவர் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "பாட்டு புடிக்காமப் போகல டீச்சர். சத்தம் தாங்காமப் போனேன். நீங்க இங்க இருந்து கூட்டுறீங்க, அது எனக்கு அங்க காதுக்குள்ள குத்துது. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க. அதான் ஏதோ சோலி இருக்குற மாதிரி கொட்டகைக்குப் போயிருவேன்." எனக்குக் காது மந்தமாகிவருவது அவருக்கு முன்பே தெரியும். ஒருநாள் சட்டையை எடுத்து வரச் சொன்னாராம். நான் கணப்பில் போட ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேனாம். அவர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி நெருப்பில் போட்டுவிட்டு, தானே போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டேன். என் மனம் கோணக்கூடாது என்று அவர் பனியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு என் பாட்டு வேண்டாம் என்று நான் இங்கே பொருமிக்கொண்டிருந்தேன். ஒரே ஹாலில்தான் இருந்தோம்.

திண்டுக்கல்லில் காது சோதிக்கும் இடத்துக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து வெளியே பார்த்தால், சோதனை செய்யும் பெண் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கிறாள். முடிந்ததும் ஒரு கோட்டைக் காட்டினாள். இடதுபுறம் சமதளமாக வந்து, பாதிக்கு மேல் நம் மலைச்சாலை போல மளமளவென்று இறங்கியிருந்தது. "கீழ் சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதும்மா. மேல் சத்தம்தான் போயிருக்கு. ச, ஸ, இந்த மாதிரி எழுத்தெல்லாம் அங்கதான் இருக்கு. நீங்க வாயைப் பாத்து, மீதியை மனசால நிரப்பிக்கிட்டே சமாளிச்சிருக்கீங்க" என்றாள். எனக்கு அவமானமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். என்ன நடந்தது என்று ஒருவர் தெளிவாகச் சொன்னால் அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. எந்த ஸ்பீக்கரும் இதைச் சரிசெய்யாது என்பதும் புரிந்தது. தூரத்தால் மெலிவதை உன் தூண்கள் மீட்டுத் தரும், அதைத்தான் நான் மேஜையில் இருந்து கேட்டேன். காதுக்குள்ளேயே அடைபட்டுப்போனதை மீட்க வேறு வழி வேண்டும். இரண்டும் வேறு வேறு குறை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி உன்மேல் கொட்டினேன்.

இப்போது இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறேன். அப்பாவையும் மலரையும் தவிர யாருக்கும் தெரியாது. உனக்கு நானே சொல்ல வேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன், அவளும் வாக்குத் தவறவில்லை. முதல் வாரம் சகிக்கவில்லை. பாலிதீன் பையைக் கசக்கினால் தலைக்குள் கசக்குவது போல இருந்தது. பாட்டைப் போட்டால் பியானோ எவர்சில்வர் தட்டு உருளுவது போலக் கேட்டது. போய்ச் சொன்னதும், பேச்சுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக அமைத்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவருகிறது. வலது காது நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இடது காது அவ்வளவாகத் தேறாது என்று அந்தப் பெண் முன்பே சொல்லிவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் மலர் போன் செய்தாள். "அத்தை, அவங்க அதைப் பிரிச்சு, ஸ்பீக்கரையெல்லாம் தனித்தனியா வித்துரப் போறாங்களாம். நான் சொன்னாக் கேக்கல." நானும் அப்பாவும் நேற்றுக் காலை பஸ் பிடித்துப் பண்ணைக்காட்டுக்குப் போனோம். மலரின் அம்மா வாசலிலேயே, "வாங்க மதினி, வாங்கண்ணே, வெரசா உள்ள வாங்க, தூறல் விழுது" என்று கூட்டிப்போனார். அவர்கள் காப்பிக்கொட்டை பொறுக்கும் அந்த நீளமான கூடத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அதன் ஒரு கோடியில் உன் தூண்கள் நிற்கின்றன. கூடம் முழுவதும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை பொறுக்குகிறார்கள், பாட்டுக் கேட்டுக்கொண்டு. தரையில் இல்லை, எல்லோருக்கும் பலகை போட்டிருந்தார்கள். "மாப்ள எடுத்துட்டுப் போகப் போறாராமே மதினி? எடுத்தா இவளுக எங்கிட்டச் சண்டைக்கு வருவாளுக. முன்னாடி ரேடியோப் பெட்டியை யார் பக்கத்துல வைக்கிறதுன்னு தெனம் பஞ்சாயத்து. கிட்ட இருக்கவ காது வலிக்குதும்பா, அந்தக் கடைசில இருக்கவ கேக்கலைம்பா. இது வந்ததுல இருந்து பேச்சே இல்ல" என்றார். கடைசி வரிசையில் இருந்த ஓர் அக்கா நிமிர்ந்து பார்க்காமலேயே, "பேசுனாலும் கேக்குதுல்லக்கா, அதச் சொல்லுங்க. பாட்டும் ஓடுது, பேச்சும் ஓடுது" என்றாள். ஒருவருக்கும் சத்தம் அதிகமாக இல்லாததால் யாரும் கத்திப் பேசவில்லை. அந்தக் கூடத்தில் அவ்வளவு பேர் இருந்தும் இரைச்சல் இல்லை.

பெண்கள் சாப்பிட எழுந்ததும் மலரிடம் அந்தப் பழைய பதிவைப் போடச் சொன்னேன். தூண்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். "அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபையரை நீ பாட்டுக்கு அணைச்சு அணைச்சுப் போடு. போட்டிருக்கா இல்லையான்னு நான் சொல்றேன்" என்றேன். அவள் தயங்கினாள். "வேணாமே அத்தை." "போடும்மா." முதலில் வலது காது மெஷினை மட்டும் வைத்துக்கொண்டேன். "இருக்கு." "சரிதான் அத்தை." "இப்ப இல்ல." "சரி." "இல்ல. இப்ப... இருக்கு." ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு அதைக் கழற்றிவிட்டு இடது காது மெஷினை மட்டும் வைத்துக்கொண்டேன். பாட்டு ஓடியது. நான் எதுவும் சொல்லவில்லை. மலர் வந்து என் தோளில் கை வைத்தாள். "எத்தனை தடவை மாத்துன?" என்றேன். அவள் சொன்னாள். எனக்கு ஒரு தடவையும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டையும் மாட்டிக்கொண்டு பாட்டை முழுசாகக் கேட்டேன். அடி முடியும் இடங்களில் 'ஸ்' என்று முடியும் சொற்களை அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு நேரத்தில் முடித்திருக்கிறார்கள், சீட்டி அடித்ததுபோல. எத்தனை முறை அதற்காகத் திட்டியிருப்பேன்! பதிவு செய்த அன்றைக்கும் அவர்கள் திருந்தவில்லை என்பதை நான் மறந்தே போயிருக்கிறேன். என் ஞாபகத்தில் அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் முடித்துக்கொண்டிருந்தார்கள். வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் நீங்கள் பார்த்திருக்கிற வீட்டு ஹாலுக்கு எது சரிப்படும் என்று மலரிடம் கேட்டாயாம், அவள் என்னைக் கேட்கச் சொன்னாளாம். நீ என்னைக் கேட்கவில்லை, பரவாயில்லை, சொல்கிறேன். அந்த ஹால் சின்னது. சோபாவில் உட்கார்ந்தால் ஸ்பீக்கர் எட்டிப் பிடிக்கிற தூரம். அங்கே தூண்கள் வேண்டாம். அவ்வளவு கிட்டே அவற்றின் பலம் வெளிப்படாது, பாடுகிறவர் சுவர் உயரத்துக்கு நிற்பது மட்டும் தெரியும். காது உயரத்தில் வைத்த நல்ல சின்னப் பெட்டிகள் போதும். ஆனால் நடு நாற்காலியை உனக்கென்று பிடித்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்தால்தான் சரியாகக் கேட்கும் என்று அவளிடம் பாடம் நடத்தாதே. அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்கிறவள் இல்லை, நடந்துகொண்டே கேட்கிறவள். இன்னொன்று: ஒருவர் சத்தத்தைக் கூட்டும்போது மற்றவர் எழுந்து போனால், ஏன் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். எழுந்து போகிறவரும் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டும். நானும் அப்பாவும் அதைச் செய்யாமல் இரண்டு மூன்று வருஷத்துச் சாயங்காலங்களைத் தொலைத்தோம். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் மறைப்பது அன்பாகத்தான் தெரிகிறது. அதற்குள்ளேயே இரண்டு பேரும் தனியாகிவிடுகிறார்கள்.

பண்ணைக்காட்டுத் தூண்கள் அங்கேயே இருக்கட்டும். மலரின் அம்மாவிடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், உன்னைக் கேட்காமலே. ஞாயிற்றுக்கிழமை நீ திருப்புளியோடு போய் நின்றால் அந்தப் பெண்களிடம் நீயே பேசிக்கொள். எனக்கு இன்னொரு ஜோடி வேண்டும். அவசரமில்லை, கல்யாணம் முடிந்து ஆற அமரச் செய். ட்வீட்டர் வரிசையைத் தரை வரைக்கும் இறக்கு, அப்பா இப்போது பாயில் சாய்ந்துகொண்டு கேட்கலாம் என்கிறார். கொட்டகையில் இருந்து அவருடைய போர்வை வீட்டுக்கு வந்துவிட்டது.

அந்த ஜோடியை நம் ஹாலில் நிறுத்திச் சரிசெய்யும் நாளில் நானும் பக்கத்தில் உட்காருவேன். எப்படி இருக்கிறது என்று நீ கேள். நல்லாருக்கு என்று உன் மனதுக்காகச் சொல்லமாட்டேன், என் மானத்துக்காகவும் சொல்லமாட்டேன். எனக்குக் கேட்பதை நான் சொல்கிறேன். கேட்காமல் போவதை நீ சொல். தயங்காமல் சொல்.

அம்மா